மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் பயன்மதிப்பை நோயாளியிடமே கேட்டு அளப்பது எப்படி?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வெற்றி பெற்றதா என்பதை எலும்பு மருத்துவத் துறை நெடுங்காலமாக மூன்று சான்றுகளைக் கொண்டு தீர்மானித்து வந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் செயற்கை மூட்டு சரியான கோணத்தில் அமர்ந்திருக்கிறதா, காயம் சீழ் வைக்காமல் ஆறியதா, சில ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டதா என்பவையே அவை. இவை மூன்றும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் படியேற முடியாமலும் இரவில் தூங்க முடியாமலும் வந்தவருக்கு அந்தத் துன்பம் தீர்ந்ததா என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் விடை தருவதில்லை. முழங்கால் மாற்று செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பலனில் நிறைவடையவில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்லிவருகின்றன. அவர்களில் பலருடைய எக்ஸ்ரேயில் குறை ஏதும் தெரியாது. மறு அறுவைக்கும் அவர்கள் வருவதில்லை. ஆகவே மருத்துவமனையின் கணக்கில் அவர்கள் வெற்றிகளாகவே பதிவாகிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காக உருவானவையே நோயாளி தெரிவிக்கும் விளைவு அளவீடுகள். மருத்துவரோ செவிலியரோ இடையில் நின்று பொருள் சொல்லாமல், வலி, நடமாட்டம், அன்றாட வேலை, மனநிலை ஆகியவற்றைப் பற்றி நோயாளியே ஒரு வரையறுத்த படிவத்தில் தரும் விடைகளை எண்ணாக மாற்றுவதுதான் இம்முறை. நோயாளி பின்னர் என்ன ஆனார் என்று தேடிப்போய்க் கேட்க வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு கழித்து மீண்டும் பார்த்து முடிவைப் பதிய வேண்டும் என்று வாதாடினார். 1914இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து விலகினார். தாம் நடத்திய சிறு மருத்துவமனையில் நேர்ந்த பிழைகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்களின் அன்பை அது அவருக்குப் பெற்றுத் தரவில்லை.

பயன்மதிப்பு என்பதற்கு மைக்கேல் போர்ட்டரும் எலிசபெத் டீஸ்பெர்க்கும் 2006இல் முன்வைத்த வரையறையே இன்று பரவலாக ஏற்கப்படுகிறது: நோயாளிக்குப் பொருட்டான விளைவை, அந்த விளைவை அடைய ஆன செலவால் வகுத்தால் கிடைப்பதே பயன்மதிப்பு. இந்தியாவில் வகுக்கும் எண்ணைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசியிருக்கிறோம். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகை முழங்கால் மூட்டின் உச்ச விலையை வரி நீங்கலாக 54,720 ரூபாயாகக் கட்டியது. அதற்கு முன் அதன் சராசரி விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. செலவு இவ்வாறு ஒரே நாளில் இறங்கியது. ஆனால் மேலே இருக்க வேண்டிய எண்ணை, அதாவது நோயாளி பெற்ற பலனை, பெரும்பாலான மருத்துவமனைகள் அன்றும் அளக்கவில்லை, இன்றும் அளப்பதில்லை. ஆண்டுக்குச் சில நூறு மூட்டு மாற்றுகள் செய்யும் ஒரு மருத்துவமனை இந்த வேலையை எப்படித் தொடங்கி நடத்தலாம் என்பதை முழங்காலை எடுத்துக்காட்டாகக் கொண்டு கீழே விளக்குகிறேன்.

எதற்காக அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே படிவத்தை மூன்று வேறுபட்ட நோக்கங்களுக்குப் பயன்படுத்தலாம். ஒரு நோயாளிக்கு அறுவை வேண்டுமா, செய்தபின் அவர் தேறிவருகிறாரா என்று பார்ப்பது முதல் நோக்கம். நம் பிரிவின் முறைகள் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகின்றனவா என்று பார்ப்பது இரண்டாவது. மருத்துவமனைகளை ஒப்பிட்டுப் பணம் தருவதோ பெயர் வெளியிடுவதோ மூன்றாவது. புதிதாகத் தொடங்குவோர் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. மூன்றாவது நோக்கத்திற்கு வேண்டிய புள்ளியியல் திருத்தங்கள் கடினமானவை. அவை இல்லாமல் செய்யும் ஒப்பீடு, நோய் முற்றியவர்களை ஏற்றுக்கொள்ளும் மருத்துவரைத் தண்டித்துவிடும். நோக்கத்தை எழுதிவைக்காமல் படிவத்தை மட்டும் அச்சிட்ட இடங்களில், தாள்கள் அலமாரியில் சேர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை.

படிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு படிவங்கள் வேண்டும்: மூட்டைப் பற்றி மட்டும் கேட்பது ஒன்று, முழு உடல்நலத்தைக் கேட்பது மற்றொன்று. மூட்டுக்கான படிவம் சிறிய மாற்றத்தையும் காட்டிக்கொடுக்கும். பொதுப் படிவமோ முழங்கால் அறுவையை இதய அறுவையோடும் கண்புரை அறுவையோடும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க உதவும். செலவோடு சேர்த்துக் கணக்கிடவும் அதுதான் வேண்டும்.

முழங்காலுக்கு ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண் எளிமையானது. கடந்த நான்கு வாரங்களைப் பற்றிய 12 கேள்விகள் கொண்ட இப்படிவம் 1998இல் வெளியானது. இடுப்புக்கான படிவம் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை புள்ளிகள் உண்டு. மொத்தம் 48 என்றால் தொல்லையே இல்லை என்று பொருள். பழைய கட்டுரைகளில் இதே படிவம் 12 முதல் 60 வரை, குறைந்தால் நலம் என்ற தலைகீழ் முறையில் கணக்கிடப்பட்டிருக்கும் என்பதால், ஒப்பிடும் முன் எந்த முறை என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் விரிவாக வேண்டுவோர் 42 கேள்விகள் கொண்ட கூஸ் படிவத்தை எடுக்கலாம். வலி, அறிகுறிகள், அன்றாட வேலை, விளையாட்டு, வாழ்க்கைத் தரம் என ஐந்து பகுதிகளுக்கும் அது தனித்தனி மதிப்பெண் தருகிறது. எழுபது வயதுப் பாட்டியிடம் 42 கேள்விகளைக் கேட்டு முடிப்பது எளிதன்று. அதன் சுருக்கமான கூஸ் ஜேஆர் வடிவத்தில் 7 கேள்விகளே உள்ளன. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டை நடத்தும் மெடிகேர் நிர்வாகம் முழங்காலுக்கு இதைத்தான் கேட்கிறது. முதுகுத்தண்டுக்கு ஆஸ்வெஸ்ட்ரி, கைக்கும் தோளுக்கும் 11 கேள்விகள் கொண்ட குவிக்டேஷ் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் படிவம் இருக்கிறது. இவை இரண்டிலும் எண் கூடினால் தொல்லை கூடியதாகப் பொருள் என்பதால், தரவுத்தளத்தில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் அதன் திசையையும் எழுதிவையுங்கள்.

பொதுப் படிவத்திற்கு ஈக்யூ-5டி-5எல் போதுமானது. நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, வழக்கமான பணிகள், வலி அல்லது உடல் அசௌகரியம், பதற்றம் அல்லது மனச்சோர்வு ஆகிய ஐந்தைப் பற்றி ஐந்து நிலைகளில் விடை கேட்டு, கடைசியில் 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் இன்றைய உடல்நலத்தைக் குறிக்கச் சொல்கிறது. இதற்குத் தமிழ் வடிவம் உண்டு. விடைகளை ஒரே குறியீட்டு எண்ணாக மாற்றுவதற்கு இந்திய மக்களிடமே கேட்டு உருவாக்கிய மதிப்பீட்டு அட்டவணையும் 2022இல் வெளியாகியிருப்பதால், விடைகளை இங்கிலாந்து மக்களின் விருப்பங்களைக் கொண்டு எடைபோட வேண்டிய நிலை இப்போது இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு படிவங்களுக்கு உரிமம் பெற வேண்டும். ஈக்யூ-5டிக்கு அதன் உரிமையாளரான யூரோகால் அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் கிடைத்த பிரதியை நகலெடுத்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டுப் பின்னர் திண்டாடுவதைவிட முதல் வாரத்திலேயே இதை முடித்துவிடலாம்.

தமிழில் கேட்பது

ஆங்கிலப் படிவத்தைச் செவிலியர் தமக்குத் தோன்றிய தமிழில் வாய்வழியாக மொழிபெயர்த்துக் கேட்டால், ஆளுக்கு ஒரு படிவம் உருவாகிவிடும். அந்த எண்களை ஒன்றோடொன்று சேர்க்க முடியாது. உரிமையாளரிடம் தமிழ் வடிவம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, இரண்டையும் இணைத்து, மூலத்தைப் பார்த்திராத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கி, வேறுபாடுகளைத் தீர்த்து, பின் சில நோயாளிகளிடம் வாசித்துக்காட்டி அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று விசாரிக்கும் முழு நடைமுறையையும் உரிமையாளரின் இசைவோடு செய்ய வேண்டும்.

மொழியைவிட வாழ்க்கைமுறைதான் அதிகம் இடறும். இடுப்புக்கான ஆக்ஸ்ஃபோர்டு படிவம் காலுறை அணிவதில் உள்ள சிரமத்தைக் கேட்கிறது. நம் கிராமத்து நோயாளிகளில் பலர் வாழ்நாளில் காலுறை அணிந்ததே இல்லை. மறுபுறம், தரையில் சம்மணமிட்டு அமர்வது, குத்தவைத்து உட்கார்ந்து எழுவது, இந்தியக் கழிப்பறையைப் பயன்படுத்துவது ஆகியவைதான் இங்குள்ளவர்களின் முதல் கவலை; மேற்கத்தியப் படிவங்களில் அவற்றுக்குப் போதிய இடமில்லை. ஆனாலும் படிவத்தின் கேள்விகளை மாற்றாதீர்கள், நீக்காதீர்கள், நடுவில் எதையும் செருகாதீர்கள். மாற்றினால் பிற நாடுகளின் எண்களோடு ஒப்பிடும் தகுதியை இழந்துவிடும். அந்தக் கேள்விகளைத் தனியொரு தாளில், படிவம் முடிந்தபின், கூடுதல் வினாக்களாகக் கேட்டுத் தனியாகவே பதிவு செய்யுங்கள். அறுவைக்குப் பின் தரையில் உட்கார வேண்டாம் என்று நாமே அறிவுரை சொல்லியிருந்தால், அவரால் உட்கார முடியாததா, நாம் தடுத்ததா என்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

அறுவைக்கு முந்தைய மதிப்பெண்

இந்த வேலை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. நாம் அளக்க விரும்புவது மாற்றத்தை. தொடக்கப் புள்ளி இல்லாமல் மாற்றம் என்று ஒன்று இல்லை. அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து எடுத்த மதிப்பெண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அறுவைக்கு முன்பு எடுத்திருக்கவில்லை என்றால் அது பயன்மதிப்பைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். முதல் நோயாளியின் ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண் அறுவைக்கு முன் 14, ஓராண்டுக்குப் பின் 34 என்றும், இரண்டாமவருக்கு முன் 38, பின் 42 என்றும் வைத்துக்கொள்வோம். முடிவை மட்டும் பார்ப்பவர் இரண்டாமவரைத்தான் பெரிய வெற்றியாகக் காட்டுவார். உண்மையில் முதலாமவர் 20 புள்ளிகள் உயர்ந்திருக்கிறார். இரண்டாமவரின் 4 புள்ளி உயர்வு, அளவீட்டின் இயல்பான ஏற்ற இறக்கத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவினது. அவருக்கு அந்த அறுவையே தேவைப்பட்டதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 38இல் இருந்தவர் அதிகபட்சமாக 10 புள்ளிகள்தாம் உயர முடியும். அதற்காகக் கிருமித்தொற்று, இரத்த உறைவு, மயக்க மருந்து ஆகிய ஆபத்துகளை அவர் ஏற்றிருக்கிறார். பயன்மதிப்பை உயர்த்துவதற்கான மிகப் பெரிய வாய்ப்பு அறுவை அரங்கில் இருப்பதைவிட, யாருக்கு அறுவை செய்வது என்று முடிவெடுக்கும் புறநோயாளி அறையில்தான் இருக்கிறது என்று நான் கருதுவது இதனால்தான்.

எப்போது எடுப்பது? அறுவை நாள் காலையில் எடுக்கக் கூடாது. பயமும் பட்டினியும் விடைகளைக் கெடுத்துவிடும். அறுவை வேண்டுமா என்று விவாதிக்கும் அதே சந்திப்பிலும் வேண்டாம். அறுவையை விரும்புபவர் வலியைக் கூட்டிச் சொல்லவும், அஞ்சுபவர் குறைத்துச் சொல்லவும் இடமுண்டு. தேதி முடிவான பின், மயக்க மருத்துவரிடம் தகுதிச் சான்று பெற வரும் நாள் மிகப் பொருத்தமானது. அன்று எப்படியும் இரத்தப் பரிசோதனைக்கும் ஈசிஜிக்கும் அவர் காத்திருப்பார். கோப்பும் கையில் இருக்கும். அமெரிக்க மெடிகேர் விதியும் அறுவைக்கு முந்தைய 90 நாட்களுக்குள் எடுத்ததையே ஏற்கிறது. மதிப்பெண் பதிவாகாத கோப்பு அறுவை அரங்கப் பட்டியலுக்குள் நுழையக் கூடாது என்று, இரத்த வகை இல்லாத கோப்புக்கு உள்ளதைப் போன்ற தடையை வைத்துவிட்டால் வேறு நினைவூட்டல் எதுவும் தேவைப்படாது.

மதிப்பெண்ணுடன் சேர்த்து வேறு சிலவற்றையும் அன்றே குறித்துக்கொள்ள வேண்டும்: வயது, உடல் எடைக் குறியீடு, நீரிழிவு போன்ற உடன்நோய்கள், மறு முழங்காலிலும் இடுப்பிலும் வலி உண்டா, முதுகுவலி எவ்வளவு, மனநிலை எப்படி, வலுவான வலிநிவாரணிகளை நெடுநாளாக எடுத்துக்கொள்கிறாரா, மருத்துவக் குறிப்புகளைத் தாமே வாசித்துப் புரிந்துகொள்ள முடியுமா. மெடிகேர் கேட்கும் கூடுதல் விவரங்களும் ஏறக்குறைய இவையே. இவற்றில் முதுகுவலியையும் மறு முழங்காலையும் மறந்துவிட வேண்டாம். நம்மிடம் வருபவர்களில் இரு முழங்கால்களும் தேய்ந்தவர்கள் ஏராளம். வலது காலைச் சரிசெய்த பின்னும் இடது கால் வலியால் அவர் நடக்க முடியாமல் இருந்தால், வலது காலின் மதிப்பெண்ணும் சேர்ந்தே தாழும்.

விபத்தில் எலும்பு முறிந்து வருபவரிடம் முன் மதிப்பெண் எடுக்க வழியில்லை. விபத்துக்கு முந்தைய வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்று நினைவிலிருந்து கேட்டு, அது நினைவிலிருந்து பெற்றது என்ற குறிப்புடன் தனியே பதியலாம். மூட்டு மாற்று எண்களோடு அதைக் கலக்கக் கூடாது.

யார் கேட்க வேண்டும்

அறுவை செய்த மருத்துவர் கேட்கவே கூடாது. “உங்க புண்ணியத்துல நடக்கிறேன் டாக்டர்” என்று கைகூப்புபவரிடம் 12 கேள்விகளை வாசித்து நேர்மையான விடையை எதிர்பார்ப்பது அவருடைய பண்பைச் சோதிப்பதாகும். தாமே எழுதக்கூடியவரிடம் தாளையோ கைக்கணினியையோ கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பது சிறந்தது. வாசிக்க இயலாதவருக்கு, அவருடைய சிகிச்சையில் பங்கில்லாத ஒருவர், அச்சிட்ட சொற்களை மாற்றாமல், விளக்கம் சேர்க்காமல், எல்லா விடைத் தேர்வுகளையும் வாசித்துக்காட்டிப் பதிவு செய்யலாம்; படிவம் எவ்வாறு நிரப்பப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். முன்பு நேரில் கேட்டவரிடம் பின்பும் நேரிலோ தொலைபேசியிலோ கேட்பது, ஒருமுறை தாளும் மறுமுறை வாய்மொழியுமாக மாற்றுவதைவிட நல்லது.

உடன் வந்த மகனோ மருமகளோ நோயாளிக்குப் பதிலாகச் சொல்லத் தொடங்குவது நம் மருத்துவமனைகளில் அன்றாடக் காட்சி. அவர்கள் அக்கறையுடன்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இரவில் வலியால் எத்தனை முறை விழித்தார் என்பது அந்த அம்மாளுக்கு மட்டுமே தெரியும். உடன் வந்தவர்களைப் பணிவாகச் சிறிது நேரம் வெளியே அமரச் செய்துவிட்டு, “அம்மா, இதுல சரி, தப்புன்னு எதுவும் இல்லை, உங்களுக்கு எப்படி இருக்கோ அப்படியே சொல்லுங்க” என்று தொடங்கினால் போதும். விடைகள் சிகிச்சையையோ காப்பீட்டையோ பாதிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பின்தொடர்தல்

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2009 ஏப்ரலில் இடுப்பு மாற்று, முழங்கால் மாற்று, குடலிறக்கம், சுருள் நாளம் ஆகிய நான்கு அறுவைகளுக்கு இந்த அளவீட்டைக் கட்டாயமாக்கியது. மூட்டு மாற்றுக்கு அறுவைக்கு முன் ஒரு முறையும் ஆறு மாதம் கழித்து அஞ்சல்வழி ஒரு முறையும் படிவம் நிரப்பப்பட்டது. குடலிறக்கமும் சுருள் நாளமும் 2017இல் கைவிடப்பட்டன. மூட்டு மாற்று தொடர்ந்தது. முழங்கால் ஓராண்டு வரை தேறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஆறாம் மாதத்தோடு நிறுத்தினால் பலனைச் சற்றுக் குறைவாகவே காண்போம். மெடிகேர் 300 முதல் 425 நாட்களுக்குள் எடுக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். ஒரே ஒரு முறைதான் முடியும் என்றால் ஓராண்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு முறை முடியுமென்றால் மூன்றாம் மாதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தேறாதவரை அப்போதே கண்டுபிடித்து உதவ முடியும்.

ஓராண்டு கழித்து நோயாளி நேரில் வருவார் என்று நம்பியிருக்கக் கூடாது. நலமாக இருப்பவர் வருவதில்லை. நிறைவில்லாதவரோ வேறு மருத்துவமனைக்குப் போய்விடுகிறார். ஆகவே தொலைபேசிதான் முதன்மை வழி. இரண்டு எண்களை, அவற்றில் ஒன்று வேறு வீட்டில் வசிக்கும் உறவினருடையதாக, சேர்க்கையின்போதே வாங்கிவையுங்கள். எத்தனை பேரிடம் கேட்க முயன்றோம், எத்தனை பேர் விடை தந்தார்கள் என்பதை முடிவுகளோடு சேர்த்தே வெளியிட வேண்டும். பாதிப் பேர் விடை தராத நிலையில் எடுத்த சராசரியை நான் நம்புவதில்லை. விடுபட்டவர்கள் யார் என்று வயது, முன் மதிப்பெண் ஆகியவற்றைக் கொண்டாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விடை விடுபட்ட கேள்விகளுக்கு ஒவ்வொரு படிவமும் தனி விதி வைத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு படிவத்தில் இரண்டு கேள்விகள் வரை விடுபட்டால் மற்றவற்றின் சராசரியை இட்டு நிரப்பலாம்; அதற்கு மேல் விடுபட்டால் மொத்த மதிப்பெண் போடக் கூடாது. குவிக்டேஷில் ஒரு கேள்வி மட்டுமே விடுபடலாம்.

எண்ணுக்குப் பொருள் காணுதல்

எத்தனை புள்ளி உயர்ந்தால் நோயாளி அதை உணர்வார்? தனி ஒருவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண்ணில் சுமார் 7 புள்ளிகளும் இடுப்பில் சுமார் 8 புள்ளிகளும் பொருட்படுத்தத்தக்க குறைந்தபட்ச மாற்றமாகக் கொள்ளப்படுகின்றன. இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும்போது சுமார் 5 புள்ளி வேறுபாட்டைப் பொருளுடையதாக எடுத்துக்கொள்ளலாம். மெடிகேர் இன்னும் கடுமையான கோட்டை வைத்திருக்கிறது: 0 முதல் 100 வரை செல்லும் கூஸ் ஜேஆரில் 20 புள்ளிகளும் இடுப்புக்கான ஹூஸ் ஜேஆரில் 22 புள்ளிகளும் உயர்ந்தால்தான் அது கணிசமான பலன் என்று கணக்கில் சேரும். ஒப்பிட்டுப் பார்க்க இங்கிலாந்தின் எண்கள் உதவும்: அங்கே ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண்ணின் சராசரி உயர்வு இடுப்புக்கு 22 புள்ளிகளை ஒட்டியும், முழங்காலுக்கு 16 முதல் 17 புள்ளிகள் வரையிலும் இருந்து வந்திருக்கிறது.

சராசரி மட்டும் போதாது. பத்துப் பேரில் எட்டுப் பேர் 25 புள்ளி உயர்ந்து இருவர் 10 புள்ளி தாழ்ந்தாலும் சராசரி 18 என்று அழகாகத் தெரியும். எத்தனை விழுக்காட்டினர் குறைந்தபட்ச மாற்றத்தை எட்டினார்கள், எத்தனை பேர் தாழ்ந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஓராண்டு முடிவில் கூடுதலாக ஒரு கேள்வியையும் கேட்கலாம்: “உங்கள் முழங்கால் இப்போது இருக்கும் நிலையிலேயே இனியும் இருந்தால் உங்களுக்கு அது போதுமா?” மதிப்பெண் 20 உயர்ந்தும் போதாது என்பவரும், 6 மட்டுமே உயர்ந்தும் போதும் என்பவரும் உண்டு, இரு சாராரிடமும் கற்றுக்கொள்ள இருக்கிறது.

உயர்ந்த புள்ளிகள் அனைத்தையும் அறுவையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மக்கள் அறுவைக்கு வருகிறார்கள். அது தானாகவே சற்றுத் தணிவதும் உண்டு. டென்மார்க்கில் 100 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2015இல் வெளியான சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. மூட்டு மாற்றோடு உடற்பயிற்சி, உணவு அறிவுரை முதலியவற்றைப் பெற்ற குழு கூஸ் அளவில் ஓராண்டில் 32.5 புள்ளிகள் உயர்ந்தது. அறுவை இல்லாமல் மற்றவற்றை மட்டும் பெற்ற குழுவும் 16 புள்ளிகள் உயர்ந்தது. அறுவைக் குழுவில் கடுமையான பக்கவிளைவுகளும் அதிகம். அறுவை கூடுதல் பலன் தந்தது என்பது உண்மை. முறையான இயன்முறை சிகிச்சையே அதில் பாதியளவு பலன் தரக்கூடும் என்பதும் உண்மை. ஆகவே உங்கள் பிரிவில் அறுவை செய்துகொள்ளாமல் இயன்முறை சிகிச்சைக்குச் செல்பவர்களிடமும் அதே படிவத்தை நிரப்பிவையுங்கள்.

செலவுப் பக்கம்

நோயாளி கட்டும் தொகையும் மருத்துவமனைக்கு ஆகும் செலவும் ஒன்றல்ல. எதைக் கணக்கிடுகிறோம் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். மருத்துவமனையின் செலவுக்கு, நோயாளி வந்த நாள் முதல் ஓராண்டு வரை கடக்கும் படிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொரு படியிலும் யார் எத்தனை நிமிடம் செலவிடுகிறார்கள் என்று அளந்து, அந்த நிமிடத்தின் விலையால் பெருக்கும் முறை நம்பகமானது. அரங்கின் ஓராண்டுச் செலவை அது உண்மையில் பயன்படத்தக்க நிமிடங்களால் வகுத்தால் ஒரு நிமிட விலை கிடைக்கும். செயற்கை மூட்டு, மருந்துகள், படுக்கை நாட்கள், இயன்முறை சிகிச்சை, மீண்டும் சேர்க்கப்பட்டால் ஆகும் செலவு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். நோயாளியின் பார்வையில் கணக்கிடுவதானால் இழந்த கூலி, உடன் தங்கியவரின் சாப்பாடு, ஊருக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான வண்டிச் செலவு ஆகியவையும் சேரும். காப்பீட்டில் இலவசமாக நடந்த அறுவைக்கும் இந்தச் செலவுகள் குடும்பத்தின் மேல்தான் விழுகின்றன.

பலனையும் செலவையும் இணைக்க ஈக்யூ-5டி பயன்படும். அதன் குறியீட்டு எண் 1 என்றால் முழு நலம். ஒருவருக்கு அது 0.40இலிருந்து 0.75 ஆக உயர்ந்து, அந்த 0.35 உயர்வு பத்து ஆண்டுகள் நிலைக்கும் என்று கொண்டால், அவர் பெற்றது 3.5 நலமிகு வாழ்வாண்டுகள், அதாவது முழு நலத்துடன் வாழும் 3.5 ஆண்டுகளுக்குச் சமமான பலன். மொத்தச் செலவு 2 லட்சம் ரூபாய் என்றால் ஒரு நலமிகு வாழ்வாண்டுக்கு ஆனது சுமார் 57,000 ரூபாய். இது கணக்கின் எலும்புக்கூடு மட்டுமே. அறுவை இல்லாதிருந்தால் அவர் எப்படி இருந்திருப்பார் என்பதைக் கழிக்க வேண்டும், வருங்கால ஆண்டுகளுக்குத் தள்ளுபடி போட வேண்டும், அதாவது பின்னால் வரும் பலனுக்கு இன்றைய பலனைவிடக் குறைந்த மதிப்புத் தர வேண்டும். இந்தியாவின் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு ஆண்டுக்கு 3 விழுக்காடு தள்ளுபடியைப் பரிந்துரைக்கிறது. உள்வேலைக்கு இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. குறைந்தபட்ச மாற்றத்தை எட்டிய ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு செலவானது என்ற எளிய எண்ணை ஆண்டுதோறும் போட்டுப் பார்த்தாலே, விலை கூடிய மூட்டு வகையோ நீண்ட படுக்கை நாட்களோ பலனைக் கூட்டினவா என்பது தெரிந்துவிடும்.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

மருத்துவர்களை வரிசைப்படுத்தும் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். ஆளுக்கு முப்பது நாற்பது அறுவைகளை வைத்துச் சொல்லும் வேறுபாடு பெரும்பாலும் தற்செயலே. முன் மதிப்பெண், வயது, உடன்நோய், மனநிலை ஆகியவற்றுக்குத் திருத்தம் செய்யாத எண் அநியாயமானதும்கூட. மதிப்பெண்ணை அறுவைக்கான நுழைவுத் தேர்வாக்குவதும் தவறு. இங்கிலாந்தில் சில வட்டாரங்களில் இன்ன எண்ணுக்கு மேல் இருந்தால் அறுவைக்குப் பணமில்லை என்ற விதி வந்தபோது, இந்தப் படிவம் அதற்காக உருவாக்கப்பட்டதன்று என்று மருத்துவர்கள் எதிர்த்தார்கள். எண் என்பது உரையாடலைத் தொடங்கிவைக்க வேண்டியது, முன் மதிப்பெண் 38 உள்ளவரிடம் “இவ்வளவு நலமாக இருக்கும்போது எதற்காக அறுவை வேண்டுமென்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால், படிவம் கேட்காத ஒரு காரணத்தை அவர் சொல்லக்கூடும்.

மதிப்பெண் உயராதவர்கள்

மூன்றாம் மாதத்தில் 7 புள்ளிகள்கூட உயராதவரின் பெயர் தானாகவே ஒரு பட்டியலில் வந்து விழும்படி தரவுத்தளத்தை அமையுங்கள். ஒரு குறிப்பிட்ட செவிலியரோ இயன்முறை மருத்துவரோ வாரம் ஒருமுறை அப்பட்டியலைப் பார்த்து அழைக்க வேண்டும். நேரில் வரவழைத்தபின் முதலில் விலக்க வேண்டியது கிருமித்தொற்று; உடலில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் இரத்தப் பரிசோதனைகளும், ஐயமிருந்தால் மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பதும் இதற்கு வேண்டும். அடுத்து மூட்டு தளர்ந்திருக்கிறதா, போதிய அளவு மடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு இடுப்பையும் முதுகையும் சோதியுங்கள், ஏனெனில் இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் வலி முழங்காலில் தெரிவது உண்டு. ஊருக்குத் திரும்பியபின் பயிற்சி செய்தாரா, செய்ய ஆளும் இடமும் இருந்தனவா என்று கேளுங்கள். ஈக்யூ-5டியின் ஐந்தாம் கேள்வியில் பதற்றமோ சோர்வோ மிகுதி என்று குறித்திருந்தால் மனநல ஆலோசனைக்கு அனுப்புங்கள். காரணம் தெரியாத வலிக்காக மறு அறுவைக்கு அவசரப்பட வேண்டாம். காரணம் தெரியாமல் செய்யும் மறு அறுவைகளின் பலன் மிகவும் குறைவு. கண்டறிந்ததையும் செய்ததையும் அதே கோப்பில் எழுதி, ஓராண்டு மதிப்பெண்ணோடு சேர்த்து மாதாந்திரப் பிரிவுக் கூட்டத்தில் வாசியுங்கள். அந்தக் கூட்டத்தில் எக்ஸ்ரேக்களுக்கு முன்பாக இப்பட்டியலைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.